போத்தலுடன் அனுப்பப்பட்ட பிள்ளைகளும் நான்சி அஸ்டரும்

பதினொரு வயதில் எனக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடித்து முடிந்ததும், பெரியப்பா கழுவிய வெறும் போத்தல் ஒன்றைத் துணிப்பையில் வைத்துத் தருவார். சைக்கிளில் ஊர்த் தவறணைக்குப் போய்க் கள்ளு வாங்கி வரவேண்டும். அங்கே நின்றவர் யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர்களுக்கும் நான் ஒரு விசித்திரமாகத் தெரியவில்லை. மிச்சக் காசில் இனிப்பு வாங்கலாம், அதுதான் கூலி. ஒருநாள் வரும் வழியில் மதகடியில் சைக்கிளை நிறுத்தி, மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தும் பார்த்தேன். புளித்தது. குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டு புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவும் சிகரெட்டும் விற்கக்கூடாது என்ற அறிவித்தல் கடைகளில் தொங்கத் தொடங்கியது. அதற்குள் எனது போத்தல் காவும் வேலை முடிந்துவிட்டிருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, வயது குறைந்தவர்களுக்கு மது விற்பது பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காகப் பிரித்தானியாவின் பழைய சட்டங்களைத் தேடினேன். அங்கே எனக்கொரு ஆச்சரியம் காத்திருந்தது. என்னைப்போல வேலை பார்த்த பிள்ளைகளுக்காகவே 1901இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். அந்தச் சட்டத்திலிருந்து நூல் பிடித்துக்கொண்டு போனால், 18 என்ற எண்ணைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய பெண்ணிடம் போய் முடிகிறது. அவர் நான்சி அஸ்டர். ஊடகக் கற்கை படித்த நாட்களில், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர் என்ற ஒற்றை வரியாக மட்டும் அவரை எனக்குத் தெரியும். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

அவர் பிரித்தானியரே அல்ல. 1879 மே 19ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் சிஸ்வெல் லாங்ஹோர்ன், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் தோற்றபோது கையிலிருந்ததை இழந்தவர்களில் ஒருவர். அடிமைகளின் உழைப்பில் நிமிர்ந்து நின்ற சமூகம் அது. அந்த இழப்பைக் கதைக்கும்போது இதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் புகையிரதப் பாதை ஒப்பந்த வேலைகளில் தகப்பன் மீண்டும் பணக்காரரானார். மிராடோர் என்ற பெரிய தோட்ட வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தனர். லாங்ஹோர்ன் சகோதரிகள் ஐவரும் அழகுக்குப் பெயர் பெற்றவர்கள். சகோதரர்களின் கதை வேறு. அந்த வீட்டு ஆண்களிடம் குடி இருந்தது. வேர்ஜினியாக் கனவான் ஒருவர் விஸ்கி குடிப்பதை அந்த நாளில் யாரும் குறையாகப் பார்க்கவில்லை. அது எங்கே போய் முடியும் என்பதை நான்சி தமையன்மாரிடம் பார்த்தார்.

பிறகு புருஷனிடம் பார்த்தார். 1897இல், 18 வயதில், பொஸ்டனின் பெரிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ரொபேர்ட் கோல்ட் ஷோவை மணந்தார். குதிரையேற்றத்தில் கெட்டிக்காரன், பார்க்க இலட்சணமானவன், மிதமிஞ்சிக் குடிப்பவன். தேனிலவு முடியும் முன்னரே நான்சி ஒருதடவை தகப்பன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். திருப்பி அனுப்பி வைத்தார்கள். மறுபடியும் வந்தார், மறுபடியும் அனுப்பினார்கள். இந்தப் பகுதியை வாசிக்கும்போது இது வேர்ஜினியாவில் நடந்ததா, எங்கள் பக்கத்து ஒழுங்கையில் நடந்ததா என்ற குழப்பம் எனக்கு வந்தது. 1898இல் பொபி என்ற மகன் பிறந்தான். 1903இல் விவாகரத்து. அதே ஆண்டில் தாயும் இறந்துபோனார்.

24 வயதில், கைப்பிள்ளையோடு, விவாகரத்தான பெண். அந்தக் காலத்து அமெரிக்க மேல்தட்டில் அதற்கு மேல் வாழ்க்கை இல்லை. தகப்பனின் வற்புறுத்தலில் இங்கிலாந்துக்குப் போனார். கப்பலில் வோல்டோர்ப் அஸ்டரைச் சந்தித்தார். இருவரும் ஒரே நாளில், ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். வோல்டோர்ப் உலகின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் வாரிசு, அமைதியானவர், குடிக்காதவர். 1906இல் திருமணம். தேம்ஸ் நதிக்கரையில் இருந்த கிளைவ்டன் மாளிகையை மாமனார் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். பின்னர் ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். 1914இல் நான்சி கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற சபையில் சேர்ந்தார். நோய்க்கு மருந்தைவிடப் பிரார்த்தனையை நம்பும் சபை அது. அவருடைய பிடிவாதத்துக்கு அதுவும் எண்ணெய் வார்த்தது.

வோல்டோர்ப் பிளிமத் துறைமுக நகரத்தின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1919 ஒக்டோபரில் அவருடைய தகப்பன் இறந்ததும் பிரபுப் பட்டம் தானாகவே மகன் தலையில் வந்து விழுந்தது. அதைத் துறக்க முயன்றார், சட்டம் விடவில்லை. பிரபுக்கள் சபைக்குப் போகவேண்டியதாயிற்று. வெற்றிடமான கீழ்ச்சபை ஆசனத்துக்கு மனைவி போட்டியிட்டார்.

அந்த இடைத்தேர்தல் நடந்த வாரத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். வாக்களிப்பு நவம்பர் 15. இரண்டு நாள் முன்னர், நவம்பர் 13 அன்று, இலண்டனில் மதுவிலக்குப் பிரசாரம் செய்ய வந்திருந்த ஜோன்சன் என்ற அமெரிக்கரை ஒரு கும்பல் கூட்டத்திலிருந்து இழுத்துச் சென்றது. எறியப்பட்ட கல்லொன்றில் அவருடைய கண் ஒன்று போயிற்று. அமெரிக்காவில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வரவிருந்த நேரம் அது. மதுவுக்கு எதிராகப் பேசும் அமெரிக்கர் என்றால் ஆங்கிலேயரின் பியர் கோப்பையைத் தட்டிப் பறிக்க வந்தவர் என்ற பயம் எங்கும் இருந்தது. மாலுமிகளும் கப்பல்தளத் தொழிலாளரும் நிறைந்த, தெருவுக்குத் தெரு மதுச்சாலை உள்ள பிளிமத்தில், அமெரிக்க உச்சரிப்போடு, குடிக்காத ஒரு பெண் வாக்குக் கேட்டார். தன் கொள்கையை அவர் மறைக்கவில்லை. 14,495 வாக்குகள் கிடைத்தன. தொழிற்கட்சி வேட்பாளருக்கு 9,292, லிபரல் கட்சியின் ஐசக் ஃபுட்டுக்கு 4,139. இந்த ஃபுட்டும் மது எதிர்ப்பாளர்தான். ஆகவே அந்தத் தேர்தலில் குடிகாரர்களுக்குப் பெரிய தெரிவு இருக்கவில்லை.

1919 டிசெம்பர் 1ஆம் திகதி லொயிட் ஜோர்ஜும் பல்ஃபரும் இருபக்கமும் வர நான்சி சபைக்குள் நுழைந்தார். அவருக்கு முன்னர் 1918இல் கொன்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் வெற்றிபெற்றிருந்தாலும், ஐரிஷ் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த அவர் இலண்டன் ஆசனத்தை ஏற்கவில்லை. எனவே நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் நான்சி ஒருவர்தான் பெண். கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, மூலைகள் மடிந்த தொப்பி. பத்திரிகைகள் உடையைப் பற்றி எழுதக்கூடாது என்பதற்காகவே தினமும் ஒரேமாதிரி உடுத்தார். எழுதுவதை எழுதத்தான் செய்தார்கள்.

1920 பெப்ரவரி 24 அன்று அவருடைய கன்னியுரை. முதலாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் உற்பத்தி குறைகிறது என்று மதுச்சாலைகளின் நேரத்தை அரசாங்கம் வெட்டியிருந்தது. போர் முடிந்துவிட்டதே, இனி அந்தக் கட்டுப்பாடுகளை நீக்குங்கள் என்று வந்த பிரேரணையை எதிர்த்துத்தான் அவர் பேசினார். கட்டுப்பாடுகளுக்கு எதிராக அன்று பேசியவர் சேர் ஜோன் ரீஸ். சென்னை மாகாணத்தில் சிவில் சேவையில் இருந்து, தமிழும் தெலுங்கும் கற்று, அரசாங்க மொழிபெயர்ப்பாளராகவும் வேலை செய்தவர். தமிழ் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் அன்று பியரின் பக்கம் நின்றார் என்பதைக் கண்டபோது சிரிப்பு வந்தது.

நான்சி எதை மாற்றினார் என்பது விளங்க, அதற்கு முன் சட்டம் எப்படி இருந்தது என்று பார்க்கவேண்டும். பிரித்தானியா ஒரே நாளில் சின்னப் பிள்ளைகளின் கையிலிருந்து கோப்பையைப் பறிக்கவில்லை. வயது படிப்படியாகத்தான் ஏறியது. 1872ஆம் ஆண்டுச் சட்டம், விஸ்கி, ஜின் போன்ற கடும் மதுவை 16 வயதுக்குட்பட்டவர்கள் கடையிலேயே குடிப்பதற்கு விற்கக்கூடாது என்றது. பியரைப் பற்றி வாய் திறக்கவில்லை. பியர் அன்று சாப்பாட்டில் ஒரு பங்கு. சுத்தமான குடிநீர் இல்லாத நகரங்களில் தண்ணீரை நம்பமுடியாது என்ற நினைப்பும் இருந்தது. 1886இல்தான் 13 வயதுக்குட்பட்டவர்கள் கடையில் அமர்ந்து பியர் குடிப்பது நிறுத்தப்பட்டது.

அடுத்தது 1901. வேலையால் வந்த தகப்பனுக்கும், சமையலில் நிற்கும் தாய்க்கும் மூலைக்கடையிலிருந்து சாடியில் பியர் வாங்கிவருவது பிள்ளைகளின் அன்றாட வேலை. திறந்த சாடி என்பதால் வரும் வழியில் ஒரு மிடறு குடிப்பது வழக்கம். (மதகடியில் நான் செய்ததுதான்.) புதிய சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் மதுவைக் கொடுத்தனுப்புவதானால், தக்கை அடைத்து முத்திரை வைத்த போத்தலில்தான் கொடுக்கவேண்டும் என்றது. மீறினால் முதற்தடவை 40 ஷில்லிங் வரை தண்டப்பணம், அடுத்த தடவைகளில் 5 பவுண் வரை. எனக்குப் பிடித்த விஷயம், தண்டனை கடைக்காரரோடு நிற்கவில்லை என்பது. தெரிந்துகொண்டே பிள்ளையை அனுப்பியவரும் அதே தண்டனைக்கு உரியவர். அந்தக் கணக்குப்படி என் பெரியப்பா எத்தனை 5 பவுண் கட்டியிருக்கவேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன்.

1908ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இன்னும் உள்ளே போனது. வைத்தியர் சொன்னாலன்றி, அல்லது திடீர் நோய் போன்ற அவசரமாக இருந்தாலன்றி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுத்தால் 3 பவுண் வரை தண்டம். அழும் பிள்ளையைத் தூங்கவைக்க ஜின் பருக்கிய காலம் அது என்பதை அறிந்தால், இப்படி ஒரு பிரிவு ஏன் தேவைப்பட்டது என்று விளங்கும். அதே சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை மதுச்சாலையின் பார் பகுதிக்குள் விடுவதையும் தடுத்தது. அதுவரை தாய்மார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றார்கள். தடை வந்த பிறகு பிள்ளைகள் வாசலில் குளிரில் காத்து நின்றார்கள் என்பதும் உண்மை.

இவ்வளவும் நடந்த பின்னரும் 14 வயதுப் பையன் சட்டப்படி மதுச்சாலைக்குள் போய்ப் பியர் குடிக்கலாம். 16 வயதில் விஸ்கியும் குடிக்கலாம். பாடசாலையை விட்டு விலகும் வயதும் 14ஆகத்தான் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சுரங்கத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகும் பையனுக்கு முதற் சம்பளம் கிடைக்கிற நாளில் மதுச்சாலையும் கதவைத் திறந்தது. கல்வியும் பாதுகாப்பும் ஒரே பிறந்தநாளில் முடிந்துபோயின. நான்சி கைவைக்க நினைத்தது அந்த 14க்கும் 18க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில்தான்.

1922 பொதுத்தேர்தலில் அவருக்கு எதிராகச் சுயேச்சைக் கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஒருவர் நிறுத்தப்பட்டார். பின்னால் மது வியாபாரிகளின் ஆதரவு இருந்தது. நான்சி வென்றார், ஆனால் பெரும்பான்மை சரிந்தது. அதே தேர்தலில் டண்டி தொகுதியில் எட்வின் ஸ்கிரிம்ஜர் என்ற முழு மதுவிலக்குக்காரர் வின்ஸ்டன் சேர்ச்சிலையே தோற்கடித்துச் சபைக்கு வந்திருந்தார். ஆகவே 1923இல் ஒரே பாராளுமன்றத்தில் இரண்டு சட்டமூலங்கள். ஸ்கிரிம்ஜருடையது நாடு முழுவதும் மதுவை ஒழிப்பது. அது படுதோல்வி அடைந்தது. நான்சியுடையது ஒரு வயதெல்லை மட்டும். தனிப்பட்ட விருப்பத்தைக் கேட்டால் நான்சியும் மது இல்லாத உலகத்தைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் தேர்தலில் அடி வாங்கிய பிறகு, எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 9ஆம் திகதி இரண்டாம் வாசிப்பு. எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று மது வியாபாரிகளும் அவர்களுக்கு நெருக்கமான உறுப்பினர்களும். மற்றது தொழிலாளர் பக்கம். 16 வயதில் சுரங்கத்தில் பெரியவனுக்குச் சமமாக உழைப்பவனுக்கு ஒரு கோப்பை பியரை மறுப்பது நியாயமா, பணக்காரப் பிள்ளை தகப்பன் மேசையில் வைன் குடிப்பதை இந்தச் சட்டம் தொடுமா, ஏழையின் கோப்பை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறதா என்பன அவர்களின் கேள்விகள். மாளிகையில் வாழும் சீமாட்டி ஒருவர் கொண்டுவந்த சட்டமூலத்துக்கு எதிராக அந்தக் கேள்விகள் கேட்கப்படவேண்டியவைதான் என்று நினைக்கிறேன். கடையில் குடிப்பதை மட்டும் தடுத்த அந்தச் சட்டம் மாளிகை மேசைகளைத் தொடவில்லை என்பது உண்மை.

ஆசிரியர்களும் மாதர் அமைப்புகளும் ஆதரவாக நின்றனர். 1921இல் சபைக்கு வந்த இரண்டாவது பெண் உறுப்பினர், லிபரல் கட்சியின் மார்கரெட் வின்ட்ரிங்காம், கட்சி வேறுபாடு பாராமல் துணை நின்றார். நான்சியின் சொந்தக் கட்சியிலிருந்த சேர் பிரெடெரிக் பான்பரி விடாப்பிடியான எதிரி. நேரம் முடியும்வரை பேசிப் பேசியே தனிநபர் சட்டமூலங்களைச் சாகடிப்பதில் அவர் பேர்போனவர். அவர் பேச எழும்பியபோது நான்சி கோட்டின் வாலைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார் என்றொரு கதை பாராளுமன்ற வட்டாரத்தில் இன்றுவரை உலவுகிறது. நான்சியின் குணத்தை வைத்துப் பார்த்தால் நம்பக்கூடியதுதான்.

சட்டமூலம் பெரும்பான்மையோடு தேறியது. இரு சபைகளையும் கடந்து அதே ஆண்டில் சட்டமாயிற்று. ஒரு பெண் உறுப்பினர் கொண்டுவந்து நிறைவேறிய முதலாவது தனிநபர் சட்டமூலம் அது. இனி அனுமதிப்பத்திரம் பெற்றவர் 18 வயதுக்குட்பட்டவருக்குத் தன் கடையில் குடிக்க மது விற்கக்கூடாது. ஒரு விட்டுக்கொடுப்பு இருந்தது: 16 வயதைத் தாண்டியவர் சாப்பாட்டோடு பியரோ சைடரோ குடிக்கலாம். வாங்கிக்கொண்டு வெளியே போய்க் குடிப்பதைச் சட்டம் தொடவில்லை. தெரிந்துகொண்டே விற்றால்தான் குற்றம் என்ற சொல்லும் அதில் இருந்தது.

அந்தச் சொல்லைப் பற்றி ஒரு பந்தி எழுதத்தான் வேண்டும். பையனைப் பார்த்தால் பெரியவன் மாதிரி இருந்தது, வயது தெரியாது என்று சொல்லிவிட்டால் கடைக்காரர் தப்பலாம். தெரிந்தே விற்றார் என்று நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுப்பவர் மீது விழுந்தது. பிந்திய சட்டங்களிலும் ஒட்டிக்கொண்டு வந்த அந்தச் சொல்லை நீக்க 1988வரை ஆயிற்று. அதன் பிறகு நிலைமை தலைகீழானது. வயதை அறிய உரிய கவனம் எடுத்தேன் என்று காட்டவேண்டிய பொறுப்பு விற்பவருடையதாயிற்று. இன்று இங்கிலாந்தில் இளமுகத்தோடு போத்தல் வாங்கப் போகிறவரிடம் அடையாள அட்டை கேட்கப்படுவதன் பின்னணி இதுதான். சட்டத்தில் வயதை எழுதுவது ஒரு வேலை, அதை விற்பவரின் தலையில் கட்டுவது இன்னொரு வேலை. முதல் வேலையை நான்சி செய்தார். இரண்டாவதற்கு இன்னும் 65 ஆண்டுகள் எடுத்தன.

நான்சி 1945வரை சபையில் இருந்தார். 1928இல் பெண்களுக்கும் 21 வயதில் வாக்குரிமை, பெண் பொலிஸார், சிறுபிள்ளைகளுக்கான பாலர் பாடசாலை என்று அவர் பேசிய விஷயங்கள் பல. அவற்றை விட்டுவிட்டு அவருடைய மறுபக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை மறைத்து எழுதும் கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. கத்தோலிக்கர் மீதும் யூதர் மீதும் அவருக்கு வெறுப்பு இருந்தது. அதை வெளிப்படையாகவே பேசினார். 1930களில் ஹிட்லரோடு சமரசமாகப் போகலாம் என்று நம்பிய பெரிய மனிதர்கள் கிளைவ்டனில் கூடினார்கள். 1937இல் குளோட் கொக்பேர்ன் என்ற பத்திரிகையாளர் அவர்களுக்குக் கிளைவ்டன் கூட்டம் என்று சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவு தெளிவாகப் பார்த்த கண்கள் இங்கே ஏன் மங்கின என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வளர்ந்த வீட்டின் மேட்டிமை ஒரு காரணமாக இருக்கலாம்.

அதைவிடவும் என்னை உறுத்தியது பொபியின் கதை. குடிகாரத் தகப்பனிடமிருந்து காப்பாற்றி, கப்பலில் கூட்டிக்கொண்டுவந்த அதே முதற்பிள்ளை. நான்சியின் பிள்ளைகளில் அவருக்கு மிகவும் நெருக்கமானவர் இவர்தான் என்கிறார்கள். குதிரைப்படைப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1929இல், கடமை நேரத்தில் மதுபோதையில் இருந்ததால் படையிலிருந்து விலகவேண்டி வந்தது. 18 வயதுச் சட்டம் வந்து ஆறு ஆண்டுகள். பொபிக்கு 30 வயது தாண்டியிருந்தது. எந்த வயதெல்லையும் அவரைத் தொடமுடியாது. இரண்டு ஆண்டுகளில் இன்னொரு அடி. தன்பாலுறவு குற்றமாக இருந்த நாட்டில் அதற்காகக் கைதாகி நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. ஒப்சேவர் வோல்டோர்பின் சொத்து, த டைம்ஸ் அவருடைய தம்பியின் சொத்து, மற்ற முதலாளிகளும் ஒத்துழைத்தார்கள். பிளிமத் கப்பல்தளத் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு இதே கதி நேர்ந்திருந்தால் பெயரும் விலாசமும் மறுநாளே அச்சாகியிருக்கும். ஊடகம் படித்த எனக்கு இந்த இடத்தில் நான்சியின் மேல் இரக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

இரண்டாம் உலகப் போரில் பிளிமத் குண்டுவீச்சில் சிதைந்தபோது நகரபிதா வோல்டோர்ப். அறுபது வயது கடந்த நான்சி, பாதுகாப்புச் சுரங்கங்களில் பயந்திருந்த சனங்களைச் சிரிக்கவைக்கக் கரணம் அடித்துக் காட்டினார். 1945 தேர்தலில் நிற்கவேண்டாம் என்று கணவர் சொன்னதைக் கேட்டு விலகினார். அதை அவர் இலகுவில் மன்னிக்கவில்லை. 1952இல் வோல்டோர்ப் இறந்தார். நான்சி 1964 மே 2ஆம் திகதி, 85ஆவது பிறந்தநாளுக்குப் பதினேழு நாட்கள் முன்னர், மகளின் வீட்டில் காலமானார். பொபி அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தார்.

2019 நவம்பரில், அவர் தேர்வாகி நூறு ஆண்டு நிறைவில், பிளிமத்தில் சிலை வைத்தார்கள். 2020 ஜூனில் யாரோ அதன் அடியில் நாஸி என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அவருடைய சட்டம் இன்று அந்தப் பெயரில் இல்லை. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு அனுமதிப்பத்திரச் சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. 18 அப்படியே நிற்கிறது. வயது குறைந்தவருக்கு விற்றால் எல்லையற்ற தண்டப்பணம். மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை பிடிபட்டால் அது தனிக் குற்றம், கடையின் அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து. 16, 17 வயதினர் பெரியவர் ஒருவரோடு இருந்து சாப்பாட்டுடன் பியர், வைன், சைடர் குடிக்கலாம் என்ற விலக்கும் இருக்கிறது. 1923இன் விட்டுக்கொடுப்பு இன்னும் சாகவில்லை. ஐந்து வயதுப் பிரிவும் 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இடம் மாறி உயிரோடுதான் இருக்கிறது.

எங்கள் நாட்டில் எல்லை 21. இதில் ஒரு முரண். 1979ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தல் ஒன்று, எந்த வயதானாலும் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சு அதை நீக்கியது. சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவில் தடை திரும்பி வந்தது. ஆணுக்கு 21இல் முடிந்த பிள்ளைப் பருவம் பெண்ணுக்கு அன்று முடியவே இல்லை என்று கொள்ளவேண்டியிருந்தது. குடிக்காத நான்சிகூட இதை ஏற்றிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது ஒரு பின்னேரம் தவறணைப் பக்கம் போனேன். கட்டடத்துக்குப் புதிதாகப் பூச்சுப் பூசியிருந்தார்கள். 21 என்ற எண் சிவப்பில். ஒரு பையன், பதின்மூன்று பதினான்கு இருக்கும், பையோடு வரிசையில் வந்து நின்றான். அவன் முறை வந்ததும் உள்ளே நின்றவர் பலகையைக் கையால் காட்டித் தலையை ஆட்டினார். பையன் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனான். சந்தியில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் இருந்தார். அவரிடம் பையைக் கொடுத்தான். அவர் சலித்துக்கொண்டே இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாட்டு மைதானப் பக்கம் போய்விட்டான்.